பெண்கள் பாதையில் ஒரு பிணம்

"மம்தூ...ஹ்!"

அந்த அலறல் எதிர்மலையில் மோதித் திரும்பி வருவதற்குள் ஸப்ஹா எழுந்து விட்டாள்.

கால் பட்டுத் தேநீர்க் கெட்டில் சாய்ந்தது. நெருப்பு உஸ்ஸென்று சீறியது.

காலை மணி பத்து. மலையின் தட்டையான முதுகு. வெயில் அப்போதுதான் பாறைகளோடு பேச்சுவார்த்தையை ஆரம்பித்திருந்தது.

ஓடினாள். முகத்திரையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, பாறைக்குப் பாறை தாவினாள்.

மலை விளிம்பில் ஷாஹினாஸ் மண்டியிட்டிருந்தாள். கெய்ரோவிலிருந்து நேற்று வந்த விருந்தாளி. அவள் விரல் கீழே நீண்டிருந்தது.

"அங்க... அங்க..."

ஸப்ஹா எட்டிப் பார்த்தாள்.

நாற்பதடி கீழே, கிணற்றுக்குப் போகிற காய்ந்த ஓடையில், ஷாஹினாஸின் கணவன் மம்தூஹ் மல்லாந்து கிடந்தான். கழுத்து... திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"விழுந்துட்டாரு... நான் வந்து பாக்கறேன்... கீழ கிடக்கறாரு..."

"மேடம்! பின்னாடி வாங்க. விளிம்புல இருக்காதீங்க!"

"நீதானே சொன்னே? இது சின்னப் பசங்ககூட நடக்கிற பாதைன்னு நீதானே சொன்னே?"

சொன்னது ஸப்ஹாதான். பொய்யும் இல்லை.

வாதி தரீஃபா என்கிற அந்தப் பள்ளத்தாக்கின் மலைப் பாதை வெறும் நான்கு மணி நேர நடை. பள்ளத்தாக்கில் நுழைந்து, கிணற்றைத் தாண்டி, ஒட்டகத் திமில் மாதிரி மெல்ல உயரும் சரிவில் ஏறினால் மலை முதுகு. தேநீர். சுடுசாம்பலில் வெந்த ரொட்டி. திரும்பி வர வேண்டியதுதான். போன வாரம் எழுபது வயது ஜெர்மன் தம்பதி ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி இறங்கியிருந்தது.

சினாய் மலைகளில் அதுவரை ஆண்கள்தான் வழிகாட்டிகள். மூன்று மாதம் முன்னால் ஸப்ஹாவின் குலத்துப் பெண்கள் பதினொரு பேர், "எங்களுக்கும் ஒரு பாதை கொடு!" என்று கேட்டு வாங்கியது இது. வாரத்தில் இரண்டே நாள். அந்த இரண்டு நாளும் குலத்து ஆண்கள் எவரும் பள்ளத்தாக்குக்குள் கால் வைக்கக் கூடாது. சூரியன் விழுவதற்குள் பெண்கள் வீடு திரும்ப வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது.

வழிகாட்டிகளின் தலைவர் ஷேக் ஃப்ரேஜ், குலச் சபையில் தடியைத் தட்டிச் சொன்னது...

"விருந்தாளி உடம்புல ஒரு கீறல் விழட்டும்! அன்னியோட உங்க பாதை மூடல்!"

கீறலா?

ஸப்ஹா மறுபடி கீழே பார்த்தாள்.

போச்சு! பதினொரு பெண்களின் பாதையும் அந்த ஓடையில் மல்லாந்து கிடந்தது.

* * *

அந்த விளிம்பில் மட்டும்தான் செல்போனுக்கு சிக்னல். ஃப்ரேஜுக்குச் சொன்னாள். மறுமுனையில் "போலீஸோட வரேன்... எதையும் தொடாத" என்று ஒரு உறுமல்.

போனை வைத்துவிட்டு ஸப்ஹா தரையைப் பார்த்தாள்.

பாறைக்கு முன்னால் மணல் திட்டு. அதில் இரண்டே தடங்கள். மம்தூஹின் பூட்ஸ். ஷாஹினாஸின் ஷூ.

மூன்றாவது தடம் இல்லை.

'அப்படின்னா... விபத்தா? இல்லே... இந்த மேடமா?'

ஷாஹினாஸை அணைத்துப் பிடித்துச் சரிவில் இறக்கினாள். ஓடையில் தன் கறுப்பு மேல்துணியை எடுத்து மம்தூஹின் மேல் போர்த்தினாள். இருபது தப்படி தள்ளிக் கிணறு. அங்கே நிழல் இருந்தது.

"உக்காருங்க மேடம். தண்ணி இறைச்சுத் தரேன்."

கயிற்றைப் பிடித்தாள்.

கை சட்டென்று நின்றது!

கயிறு... ஈரம்!

மெல்லத் தலையைத் திருப்பினாள். கிணற்றோரம், பிராணிகள் குடிக்கிற கல் தொட்டி.

காலை ஏழரைக்கு இதே இடத்தைத் தாண்டிப் போனபோது அந்தத் தொட்டி எலும்பாய்க் காய்ந்து கிடந்தது. ஆடுகளை மேல் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போய்ப் பத்து நாள். ஸப்ஹாவும் விருந்தாளிகளும் அங்கே நிற்கவில்லை, இறைக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்த தண்ணீரே போதுமாக இருந்தது.

இப்போது தொட்டி நிறையத் தண்ணீர்! தளும்பி வழிந்த ஈரம் கல்லில் இன்னும் காயவில்லை. இந்த வெயிலில் ஈரம் அரை மணி தாங்கினால் அதிகம்.

"என்ன ஆச்சு? பேயைப் பாத்த மாதிரி நிக்கறே?" ஷாஹினாஸ் கேட்டாள்.

"மேடம்... நீங்க இந்தக் கிணத்துப் பக்கம் வந்தீங்களா?"

"நானா? உன் பக்கத்துல உக்காந்து ரொட்டியைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன். அவரு போன் பண்ணப் போனாரு. கால் மணியாச்சே, ஆளக் காணோமேன்னு தேடிப் போனேன். உடனே கத்தினேன்."

"இப்ப ஒருத்தர் கிணத்துல தண்ணி குடிக்கறாருன்னு வெச்சுக்குங்க. குடிச்சதும் என்ன பண்ணுவீங்க?"

"வாயத் துடைச்சுக்குவேன்! இது என்ன கேள்வி? அங்க என் புருஷன் செத்துக் கிடக்கறாரு..."

"நாங்க தொட்டிய நிரப்புவோம்."

"எதுக்கு?"

"ஆட்டுக்கு... கழுதைக்கு... நரிக்கு... குருவிக்கு. எதுவும் இல்லேன்னாலும் நிரப்புவோம். நடக்கத் தெரிஞ்ச நாள்லேந்து பழக்கம். குடிச்சவன் கை தானா இறைக்கும்." ஸப்ஹா கயிற்றை விட்டாள். "மேடம்... உங்க வீட்டுக்காரர் தானா விழல."

"என்ன உளர்றே?"

"தள்ளியிருக்காங்க. தள்ளிட்டு இறங்கி வந்தவனுக்குத் தாகம். குடிச்சிருக்கான். ஓடற அவசரத்துலயும் கை பழக்கம் விடல... தொட்டிய நிரப்பிட்டுத்தான் ஓடியிருக்கான்."

ஷாஹினாஸ் வெறித்துப் பார்த்தாள்.

"அப்ப... உங்க ஆளா?"

"எங்க ஆள்தான்!"

அதைச் சொல்லும்போது ஸப்ஹாவுக்கு நாக்கு கசந்தது.

"ஆனா எதுக்கு? உங்க வீட்டுக்காரருக்கு இங்க யாரைத் தெரியும்? சும்மா சுத்திப் பாக்கத்தானே வந்தீங்க?"

ஷாஹினாஸ் தலையைக் குனிந்தாள். முதல் தடவையாகக் குரலில் அதட்டல் இல்லை.

"சுத்திப் பாக்க இல்ல... இந்தப் பள்ளத்தாக்குல ஹோட்டல் கட்டறதா இருந்தோம். நாற்பது குடும்பமும் சம்மதிச்சுக் கைநாட்டு வெச்ச பத்திரம்னு உங்க ஆள் ஒருத்தன் கொண்டு வந்து கொடுத்தான்."

"யாரு?"

"பேர் தெரியாது. 'நம்ம ஆளு, நம்ம ஆளு'ன்னுதான் இவர் சொல்வாரு."

"நான் எதுலயும் கை வெக்கலையே!"

"அதான்! காலைல இவர் உன்கிட்ட, 'இந்தக் கிணறு யாருது'ன்னு கேட்டாரில்ல?"

கேட்டிருந்தான். ஸப்ஹா சிரித்தபடி சொல்லியிருந்தாள். 'எல்லாருதும் சார். இதை விக்கிறதுக்கு எவனும் இன்னும் பொறக்கல.'

அதற்கப்புறம் மம்தூஹ் ரொட்டி வேகும் வரைகூடக் காத்திருக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு விளிம்புக்குப் போனவன்தான்!

* * *

உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார்கள்.

முதலில் ஓடி வந்தவன் ஸப்ஹாவின் அண்ணன் ஸ்வேலிம். வந்ததும் தங்கையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"அழாத தங்கச்சி... நான் இருக்கேன். எவன் என்ன சொல்றான்னு பாத்துக்கறேன்!"

பெண்கள் பாதைக்காகச் சபையில் தனியாளாய் நின்று வாதாடியவன் அவன்தான். அந்தத் தோளில் சாய்ந்ததும்தான் ஸப்ஹாவுக்கு மூச்சே வந்தது.

பின்னால் ஷேக் ஃப்ரேஜ். ஸப்ஹாவின் அப்பாவுக்கு அண்ணன். தடி, தாடி, கடுகடுப்பு. கூடவே ஒட்டகத்துக்குச் சட்டை மாட்டியது மாதிரி அவருடைய மகன்கள் இரண்டு பேர்.

கடைசியாகத் தொப்பையைத் தூக்கிக்கொண்டு, தொப்பியால் விசிறிக்கொண்டு போலீஸ் கேப்டன் நபீல்.

நபீல் மேலே ஏறிப் பார்த்தார். கீழே இறங்கிப் பார்த்தார். பிணத்தையும் பக்கத்தில் நொறுங்கிக் கிடந்த போனையும் பார்த்தார். அரை மணியில் முடிவுக்கு வந்து விட்டார்.

"மேல ரெண்டே தடம். ஒண்ணு செத்தவரோடது. இன்னொண்ணு..." ஷாஹினாஸின் ஷூவைப் பார்த்தார். "கடைசியா ரெண்டு பேருக்கும் சண்டையா மேடம்?"

"என்னய்யா கேக்கறே நீ!"

"சண்டை இல்லேன்னா வழிகாட்டியோட அஜாக்கிரதை. விருந்தாளிய விளிம்புக்குத் தனியா விட்டது தப்பு. ரெண்டுல ஒண்ணு எழுதணும். எதை எழுதட்டும்?"

ஃப்ரேஜ் தடியைத் தட்டினார்.

"ரெண்டாவத எழுதுங்க கேப்டன்! தலையால அடிச்சுக்கிட்டேன், பொம்பளைக்கு எதுக்குடா மலைன்னு! கேட்டானுங்களா? ஸப்ஹா... இன்னியோட முடிஞ்சுது புள்ள. போயி ஆட்டப் பாரு."

"முடியாது பெரியப்பா."

"என்னது?"

"காது கேக்கலையா? முடியாதுன்னேன்!"

ஃப்ரேஜின் மகன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய அப்பாவிடம் அந்த வார்த்தையை யாரும் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

"தங்கச்சி, விடு..." ஸ்வேலிம் கையைப் பிடித்தான். "பெரியவர்கிட்ட வேணாம். நான் சபைல பேசிக்கறேன்."

"நீ சும்மா இருண்ணே. கேப்டன் சார், மூணாவதா ஒண்ணு இருக்கு. அதை எழுதுங்க. கொலை!"

நபீலின் தொப்பி விசிறுவதை நிறுத்தியது.

ஸப்ஹா படபடவென்று சொன்னாள். காய்ந்த தொட்டி. ஈரக் கயிறு. வழிந்த தண்ணீர். நாற்பது கள்ளக் கைநாட்டு.

"தடம் எங்கம்மா?" நபீல் கேட்டார்.

"எங்க ஜனம் ஒருத்தர் தடத்த ஒருத்தர் மூஞ்சி மாதிரி அடையாளம் சொல்லும் சார். அதனால தப்பு பண்றவன் மணல்ல கால் வெக்க மாட்டான். கல் மேலயே போவான். கல் மேல போகக் கத்துக்கிட்டவன், தொட்டிய நிரப்பக் கூடாதுன்னு கத்துக்கல. பழகின கை அது. மூளைய ஒரு வார்த்தை கேக்கல!"

ஃப்ரேஜின் முகத்தில் கடுகடுப்பு போய் வேறு எதுவோ வந்தது.

"நம்ம குலத்து ஆம்பளைன்னு சொல்றியா? பொம்பளைங்க நாள்ல... வாக்க மீறி உள்ள வந்தான்னு சொல்றியா?"

"ஆமா."

"யாரச் சொல்றே?"

ஸப்ஹா நேராக அவர் கண்களைப் பார்த்தாள்.

"இந்தப் பாதைய மூடணும்னு யார் துடிச்சாங்க பெரியப்பா?"



"ஏய்!" மகன்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள். ஸ்வேலிம் குறுக்கே பாய்ந்தான்.

"தங்கச்சி மேல கை வெச்சுப் பாருங்கடா!"

"சரி சரி!" நபீல் கத்தினார். "இதுல எவன்னு நான் எப்படிம்மா கண்டுபிடிப்பேன்? தொட்டித் தண்ணிய லேபுக்கு அனுப்பவா?"

"வேணாம் சார். தண்ணியே சொல்லும்."

ஸப்ஹா தொட்டிப் பக்கம் போய் நின்றாள்.

"இந்தக் கிணத்துத் தண்ணியில கை வெச்சு எங்க ஆளுங்க பொய் சொல்ல மாட்டாங்க. 'பொய்யின்னா இந்தத் தண்ணி என் பிள்ளைங்களுக்கு விஷமாகட்டும்'னு சொல்லணும். வாங்க... ஒவ்வொருத்தரா கை வெச்சுச் சொல்லுங்க. இன்னிக்குக் காலைல நான் வாதி தரீஃபால கால் வெக்கலைன்னு சொல்லுங்க!"

"இது கோர்ட்ல செல்லாதும்மா."

"கோர்ட்ல செல்லாது சார். இங்க செல்லும்!"



எல்லார் கண்ணும் ஃப்ரேஜ் மேல்.

கிழவர் அசையவில்லை. தாடியைத் தடவினார். ஸப்ஹாவை முறைத்தார். இதோ தயங்குகிறார்... இதோ மழுப்பப் போகிறார்...

தடியைத் தூக்கி மகனிடம் எறிந்தார். விறுவிறுவென்று வந்தார். முழங்கை வரைக்கும் கையைத் தொட்டிக்குள் விட்டார்!

"வல்லாஹி! அல்லா மேல சத்தியம்! இன்னிக்கு நீ போன் பண்ற வரைக்கும் நான் வீட்ட விட்டு நகரல. பொய்யின்னா இந்தத் தண்ணி என் வம்சத்துக்கே விஷமாகட்டும்! போதுமாடி, வாயாடி?"

சட்டையே நனைந்து போயிற்று. ஸப்ஹாவுக்கு முகம் சூடேறியது.

மகன்கள் வந்தார்கள். கை வைத்தார்கள். சொன்னார்கள். போனார்கள்.

அவ்வளவுதான்... முடிந்தது. ஊரில் இன்னும் எழுபது ஆண்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருத்தராகக் கூப்பிட வேண்டியதுதான்.

"அண்ணே... வா. நீயும் சொல்லிடு. யாரும் நாளைக்கு வாய் பேசக் கூடாது."

ஸ்வேலிம் சிரித்தான்.

"நானா? எனக்கெதுக்கு தங்கச்சி? உன் பக்கம் நிக்கறவன்கிட்டயே சத்தியம் கேக்கறியா?"

"ஒரு நிமிஷ வேலைண்ணே."

"போலீஸ் முன்னாடி அசிங்கம். சபைல பாத்துக்கலாம்."

"அண்ணே..."

ஸ்வேலிம் வந்தான். தொட்டியின் மேல் கையை நீட்டினான்.

விரல் நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரற்கடை.

கை அங்கேயே நின்றது.



வீட்டில் அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள். மூன்றும் இந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்கின்றன.

"வெய்டா கைய!" ஃப்ரேஜ் கர்ஜித்தார்.

அந்தக் கை தண்ணீரைத் தொடவில்லை. மெதுவாகப் பின்னால் போயிற்று. போன கையை ஸ்வேலிம் மார்போடு அணைத்துக்கொண்டான்... சுட்டுக்கொண்டவன் மாதிரி.

ஸப்ஹாவின் காதில் எதுவும் கேட்கவில்லை. அவளுடைய வாய் மட்டும் தானாகப் பேசியது.

"அண்ணே... நீயா?"

"நீதான்டி காரணம்!" ஸ்வேலிம் வெடித்தான். "உன் வாய்! 'விக்கிறதுக்கு எவனும் பொறக்கல'ன்னு வசனம் பேசினியே... அந்தாளு எனக்கு போன் போட்டுக் கத்தறான். நான் பத்தடி பின்னாடி பாறை மறைவுல இருக்கேன்னு தெரியாமக் கத்தறான்! பத்திரத்தை ஊர் முன்னால விரிச்சுக் காட்டுவேன்றான். பிடுங்கத்தான் போனேன்... விடல அவன். இழுத்தான். நான்... தள்ளிட்டேன்."

"காலைலேந்து இங்கதான் இருந்தியா?"

"அந்தாளுகிட்ட நீ என்ன பேசறேன்னு பாக்கணுமில்ல? விடியறதுக்குள்ள ஏறிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணி கொண்டு வரல..."

நபீல் அவன் உள்சட்டைக்குள் கை விட்டார். நான்காய் மடித்த காகிதம் வந்தது. பிரித்தார். நாற்பது ஊதாப் பெருவிரல்கள் வரிசையாக!

ஸப்ஹா எட்டிப் பார்த்தாள். பதினேழாவது வரியில் அவள் பெயர். பக்கத்தில் அகலமான ஒரு ஆண் விரல்.

"என் விரலையும் நீயே வெச்சுட்டியாண்ணே!"



சட்டென்று அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"பெண்கள் பாதைக்காகச் சபைல அப்படிப் பேசினியே... பொம்பளைங்க நாள்ல ஒரு ஆம்பளையும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான். கெய்ரோக்காரங்களக் கூட்டிட்டு வந்து அளந்து காட்ட வசதி. அதுக்குத்தான்... இல்லே?"

ஸ்வேலிம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அது போதுமான பதிலாக இருந்தது.

ஷாஹினாஸ் எழுந்து வந்தாள். ஸ்வேலிமைப் பார்க்கவில்லை. ஸப்ஹாவின் தோளில் ஒரு கணம் கை வைத்தாள். அப்புறம் போய்க் கறுப்புத் துணியின் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டாள்.

விலங்கு 'க்ளிக்'கென்றது.

* * *

ஃப்ரேஜ் தொண்டையைச் செருமினார். நனைந்த சட்டைக் கையைப் பிழிந்தார்.

"சரி... உன் மேல தப்பில்ல. ஒத்துக்கறேன். ஆனாலும் புள்ள, ஒரு உசுரு போயிருக்கு. கொஞ்ச நாளைக்கு இந்தப் பெண்கள் பாதைய..."

"மூட மாட்டோம்!"

"நான் சொல்றதக் கேளு..."

"நீங்க கேளுங்க பெரியப்பா!" ஸப்ஹாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. குரலில் இல்லை. "பதினொரு பொம்பளைங்க மூணு மாசமா வாக்கக் காப்பாத்தியிருக்கோம். ஒரு நாள் பொழுது சாஞ்சு வீடு திரும்பல. வாக்க மீறினது ஆம்பளை. கொன்னது ஆம்பளை. கள்ளக் கைநாட்டு வெச்சது ஆம்பளை. பாதைய மூடணும்னா உங்க பாதைய மூடுங்க! சனிக்கிழமை ஏழு மணிக்கு அடுத்த கூட்டம். ஹாலந்துக்காரங்க ஆறு பேர். நான் கூட்டிட்டு வருவேன். தடுக்கறவங்க கிணத்தடியில வந்து நில்லுங்க, பேசிக்கலாம்!"

"உங்க அண்ணன் விலங்கோட போறான்... நீ சனிக்கிழமையப் பத்திப் பேசறே?"

"அவனுக்காக ராத்திரி அழுதுக்கறேன். அது என் சொந்த விஷயம். பாதை பதினொரு பேரோட விஷயம்."

ஃப்ரேஜ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகன்களிடம் திரும்பினார்.

"பாத்துக்கிட்டு நிக்கறீங்களேடா, எருமைங்களா! இன்னிக்குப் பொம்பளைங்க நாள். பிணத்தத் தூக்கிட்டுச் சீக்கிரம் வெளிய நடங்க!"

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் ஸப்ஹா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஷாஹினாஸ். வரிசையின் கடைசியில், பத்தடிக்கு ஒரு தரம் பாறையில் உட்கார்ந்து எழுந்தபடி, கேப்டன் நபீல்.

"கொஞ்சம்... நில்லும்மா..." அவருக்கு நாக்கு வெளியே தொங்கியது. "சுலபமான பாதைன்னு... வாசல்ல... போர்டு வெச்சிருக்கீங்களே... நியாயமா?"

ஸப்ஹா திரும்பிப் பார்த்தாள். விலங்கு மாட்டிய அண்ணன், சட்டை பிழியும் பெரியப்பா, பாறையில் உட்கார்ந்த போலீஸ். ஒவ்வொருத்தராகப் பார்த்தாள்.

"பாதை சுலபம்தான் சார்! கூட வர்ற ஆம்பளைங்களைக் கட்டி இழுக்கறதுதான் கஷ்டம்!"